நேராக்கிய கட்டம்

ஆல்வினின் செருப்பைக் காலால் பெஞ்சுக்கு அடியில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பேச்சிமுத்து கவனித்தான், தன் இடது கால் இரண்டு தரைக்கல்லுக்கு நடுவிலிருந்த கோட்டின்மேல் இருந்தது. சட்டென்று எடுத்துக் கல்லுக்குள் வைத்துக்கொண்டான். கோட்டில் கால் படக் கூடாதென்று யாரும் அவனுக்குச் சட்டம் போடவில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டில் கட்டம் கட்டமாக ஆளை நகர்த்தியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது தானாக வந்துவிடுகிறது. ஒருவன் இந்தக் கட்டத்தில் இருப்பான், இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தில் இருப்பான், நடுவில் இருப்பது என்று ஒன்று கிடையாது. கதிர்வீச்சுப் பிரிவின் கூடம் சன்னலே இல்லாமல் நீளமாகக் கிடந்தது. தரை முழுக்க வெள்ளைக் கல். எதிரே தடித்த கதவு, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் உள்ளே மிஷின் ஓடுகிறது, யாரும் போகக் கூடாது. இப்போது எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பது ஆல்வின் இல்லை, அவனுக்கு முந்தின ஆள், தொண்டையில் கட்டி வந்த ஒரு தையல்காரர். ஆல்வின் பக்கத்துத் திரைக்குப் பின்னால் லுங்கிக்கு மாறிக்கொண்டு, இடது கெண்டைக்காலை நீட்டி வைத்து, அங்கே இருக்கிறவர்களிடம் வாயடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வியாதி வந்ததில் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. போகும்போது செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, "பத்திரமாப் பாத்துக்கோல. போன தடவை ஒருத்தன் மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான்" என்றான். அதற்கு முன்னால், வண்டியை நிறுத்தும் இடத்தில், இன்னொன்றும் சொன்னான். அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்று பேச்சிமுத்து நினைத்தான். வேண்டாம் என்று நினைத்ததுமே அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவன் தரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

கூடத்தின் நடுவில் எடை பார்க்கும் மிஷின் நின்றது. அதன்மேல் ஒரு குண்டு வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வீச்சு மூன்று கட்டம். யார் யார் போவார்கள்? மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மட்டும் எண்ணிக்கொண்டு போனால் அடி சீட்டுக்கட்டு டைமன் மாதிரி விழும், மூலைகள் தப்பிக்கும். அதோ பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற அம்மா பிழைத்துக்கொள்வாள். குறுக்கே ஓர் எட்டு வைப்பதையும் ஒன்று என்றே எண்ணினால் அடி சதுரமாக விழும், அந்த அம்மா அவுட். கயிற்றைக் கட்டி அளந்தால் வட்டம், அப்போது பிளாஸ்க் அம்மா தப்பித்துவிடுவாள், பேப்பர் படிக்கிற மீசைக்காரர் மாட்டுவாரா மாட்டாரா என்பதைச் சொல்ல முடியாது. இந்த மூன்று கணக்கையும் மூன்று தனித்தனி மனநிலையில் எழுதி வைத்தவன் பேச்சிமுத்துதான். அவனும் ஆல்வினும் பாளையங்கோட்டையில் ஒரே அறையில் இருந்துகொண்டு செய்த விளையாட்டுக்குப் 'பாதாளம்' என்று பெயர். படம் எல்லாம் ஆல்வின், கணக்கெல்லாம் பேச்சிமுத்து. மாடிப்படி மாடிப்படியாகக் கீழே இறங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அறைகள் புதிதாக இருக்கும், இருப்பது ஒரே உயிர். எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தாலும் செத்தால் செத்ததுதான், மறுபடியும் முதல் படியிலிருந்து. அதில் வரும் கொள்ளிவாய்ப் பிசாசின் தீயை எழுதிய அன்றைக்கு அவன் அவசரத்தில் இருந்தான், டைமன் வந்தது. மண்சட்டிக் குண்டை எழுதும்போது காய்ச்சல், சதுரம் வந்தது. மோகினியின் அலறலை எழுதியபோது என்ன நினைத்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை, அது ஒரு பக்கம் கடித்த தோசை மாதிரி வந்தது. ஒரு வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு எங்கிருந்தோ அதை விளையாடிய ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதினார். தீக்கு மூலை தப்புகிறது, சட்டிக்கு மூலை தப்பவில்லை, மோகினி கத்தினால் எது தப்பும் என்று அந்த மோகினிக்கே தெரியாது, எங்கே நின்றால் உயிர் பிழைப்பேன் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டிருந்தார். கடைசி வரி பேச்சிமுத்துவைக் குத்தியது. இருக்கட்டும் என்று சொன்னது ஆல்வின். தீ என்ன ஸ்கேல் வைத்தா எரிகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிதான் அடிக்கும், கோணலாக இருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்றான். காரணமும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, என் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று இவன் கத்தினான். அதுதான் உண்மையும்கூட. தன் விளையாட்டில் கோணலாக இருந்ததெல்லாம் பிழையாகவே இருந்ததால், உலகத்தில் கோணலாக இருப்பதெல்லாம் பிழை என்று அவனுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது.

அந்தக் கடிதத்தை அவன் முதன்முதலில் படித்தது இந்த ஆஸ்பத்திரியில்தான். ஆல்வினின் காலில் கோடு போட்ட அன்றைக்கு. ஆமாம், உள்ளே, டாக்டர் அம்மாவின் அறையில், சுவரோரமாக நின்றுகொண்டு. ஆல்வின் கட்டிலில் காலை நீட்டியிருந்தான், டாக்டர் அம்மா ஊதா மையைத் தொட்டுத் தொட்டு ஆபரேஷன் தழும்பைச் சுற்றிப் பெட்டி மாதிரி வரைந்துகொண்டிருந்தார். கெண்டைக்காலில் கட்டி. முதலில் பந்தடித்ததில் வீங்கியிருக்கிறது என்று நினைத்தார்கள், பிறகு பைக் கிக்கர் பட்டது என்று நினைத்தார்கள், தைலம் தேய்த்தே ஒரு சீசன் போனது. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் அதன் பெயர் தெரிந்தது. காலையே எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார், வேண்டாம், கதிர் கொடுத்துப் பார்ப்போம், சரியான இடத்தில் சரியான அளவு விழுந்தால் கால் காலாகவே இருக்கும் என்று இந்த அம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே கோடு போட்டார். போட்டுக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். பேச்சிமுத்துவின் கை போனில் இருந்தது, கண் அந்தக் கடிதத்தில் இருந்தது, எங்கே நின்றால் உயிர் பிழைப்பேன் என்ற வரிக்கு அப்போதுதான் வந்திருந்தான். டாக்டர் அம்மாவின் விரல் ஆல்வினின் முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் உள்பக்கமாக இறங்கியது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது. "விட்டுட்டு" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. எதை விட்டுவிட்டு? இந்த மூன்று வாரத்தில் ஒரு நாளும் அவன் இதைக் கேட்டுக்கொண்டதில்லை. இன்றைக்கு ஏன் கேட்டுக்கொள்கிறான்? நாசரேத்திலிருந்து ஆல்வினின் அம்மா கமலம் டீச்சர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவார். மகனிடம் ஜெபம் பண்ணினாயா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, பிறகு தனியாக இவனைக் கூப்பிடுவார். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரல் அப்போது மட்டும் ரொம்பச் சின்னதாகிவிடும். "கால் இருக்கும்லா தம்பி?" என்பார். இருக்கும் டீச்சர், நான் கூடவே இருக்கேன்லா என்பான் இவன். அதைச் சொல்லும்போது தன் குரலில் ஒரு கெத்து வருவது அவனுக்கே தெரியும். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது.

கோடு அழியக் கூடாது. அதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே கட்டளை. சோப்புப் போடாதே, தேய்க்காதே, அந்த இடத்தில் தண்ணீரே விடாதே. மிஷினை ஓட்டுகிற சொர்ணம் மேடம் இதை இரண்டு வாரமும் தினமும் ஒரு தடவை சொன்னார். வேர்வையில் ஒரு ஓரம் மங்கியதற்கே அவர் ஆல்வினை நிற்க வைத்துக் காய்ச்சினார். கோடு முழுசாகப் போச்சுன்னா மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் டாக்டர், மறுபடியும் வரிசை. எத்தனை நாள் ஆகுமோ, நடுவில் விட்டால் இதுவரைக்கும் வாங்கினதும் வீண் என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இரண்டாவது வாரத்துச் சனிக்கிழமை பேச்சிமுத்து மூன்று கணக்கையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே கணக்காக எழுதி முடித்தான். தீயும் சட்டியும் மோகினியும் ஒரே மாதிரி, ஓரம் நறுக்கென்று, நேராக அடித்தன. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதே நாள் குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று வழியில் பார்த்தவனெல்லாம் சொன்னான். ஆனி மாதம் சாரல் விழுந்த பிறகு திருநெல்வேலிக்காரனை வீட்டுக்குள் கட்டிப்போட முடியுமா? ஆல்வின்தான் முதலில் கேட்டான். ஆனால் சரி என்றது இவன். காலுக்கு ஜவுளிக்கடை பாலிதீன் கவர் இரண்டைச் சுற்றி, மேலும் கீழும் செல்லோடேப் ஒட்டி, ஒரு சொட்டு இறங்காது மக்கா, நான் கேரண்டி என்று சொன்னதும் இவன். ஐந்தருவிக்குக் கீழே ஆல்வின் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்ற நிற்பு இப்போதும் கண்ணில் இருக்கிறது. கையை மேலே தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் உடம்பு முழுசும் சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது அவன் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வந்தான். அறைக்கு வந்து கவரைப் பிரித்தால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. காலில் கொஞ்சம் ஊதா நிறம் கலங்கிக் கிடந்தது, கோட்டைக் காணோம். சொர்ணம் மேடம் கொன்னே போட்டுரும்ல என்று மட்டும் ஆல்வின் சொன்னான், சொல்லிவிட்டு இவன் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைதான். இதுவரைக்கும் எந்தச் சிக்கல் வந்தாலும் உட்கார்ந்து சரி பண்ணுகிறவன் நீதானே என்று சொல்கிற பார்வை. அதைப் பார்த்துவிட்டு எனக்கு இது தெரியாது என்று சொல்ல எவனால் முடியும்? திங்கட்கிழமை காலையில் பேச்சிமுத்து ஊதா நிற மார்க்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான்.

படம் ஒன்று இருந்தது. கோடு போட்ட அன்றைக்கு ஆல்வின் இதே கூடத்தில் உட்கார்ந்து தன் காலைத் தானே எடுத்து, என் காலிலும் கட்டம் போட்டுட்டாங்க என்று எழுதி இவனுக்கு அனுப்பிய படம். அதில் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தான். சாய்ந்திருந்தது. ஆல்வினுக்குப் படம் வரைய வருமே தவிர ஒரு போட்டோவை நேராக எடுக்க வராது, அவன் எடுத்த படத்தில் கலெக்டர் ஆபீஸ்கூடச் சாய்ந்துதான் நிற்கும். ஆகையால் திருப்பினான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டம் நேரானதும் விட்டான். அதன்மேல் மெல்லிய கோடுகளை இழுத்து, தழும்பிலிருந்து இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்று எண்ணி, ஸ்கேலை எலும்போடு ஒட்டி வைத்து, ஆல்வினின் காலில் வரைந்தான். நாலு மூலையும் நறுக்கென்று வந்தது. பாதாளத்துல போட்டதை என் கால்லயும் போட்டுட்டியேல என்று ஆல்வின் சிரித்தான். இவனும் சிரித்தான். சிரித்ததோடு நிற்கவில்லை, தலையைச் சாய்த்து அழகு பார்த்தான். சொர்ணம் மேடம் அன்றைக்குக் காலைப் பார்த்துவிட்டு என்ன இது பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டாராம். டாக்டர் அம்மா மங்கியிருக்கிறது என்று மறுபடி போட்டுவிட்டார் என்று ஆல்வின் கூசாமல் சொன்னானாம். வெளியே அவ்வளவு கூட்டம். மேடம் தலையை ஆட்டிவிட்டு, மிஷினிலிருந்து விழுகிற வெளிச்சக் கட்டத்தை அந்தக் கோட்டோடு பொருத்திவிட்டுப் போய்விட்டார். வெளிச்சம் அச்சாகப் பொருந்திச்சுல, நீ பெரிய ஆள்தான் என்று ஆல்வின் வந்து சொன்னபோது பேச்சிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது, இருந்தது என்ன, அன்றைக்கு இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து வெளிச்சம் தினமும் அந்தக் கட்டத்தில்தான் விழுகிறது. வெளிச்சத்துக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, அதே கட்டத்தில்.

விளக்கு அணைந்தது. கதவு திறந்து தையல்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் திரை விலகி ஆல்வின் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. போகிற போக்கில் இவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். இனி சொர்ணம் மேடம் அவனைப் படுக்க வைப்பார், கால் அசையாமல் இருக்க மணல் மூட்டையை அண்டக் கொடுப்பார், வெளிச்சத்தைப் பொருத்துவார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். பேச்சிமுத்து கீழே பார்த்தான். செருப்பு. வார் வைத்த பழைய செருப்பு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. வலது வார் எப்போதும் மாட்டுகிற ஓட்டையில் மாட்டியிருந்தது, அந்த ஓட்டை நாள்பட்டுப் பெரிதாகியிருந்தது. இடது வார் கடைசி ஓட்டையில் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காலையில் வண்டியை நிறுத்திய இடத்தில் ஆல்வின் சொன்னது இதுதான்: "மக்கா, உள்பக்கம் புதுசா எரியுதுல. முன்னாடி இங்கன எரியல. கணுக்கால் வேற செருப்புல இறுக்குது." கதிர் வாங்கினால் எரியத்தான் செய்யும், வெயிலுக்கு வீங்கத்தான் செய்யும் என்று இவன் பதில் சொன்னான். உடனே சொன்னான், கையில் ரெடியாக வைத்திருந்த மாதிரி. முன்னாடி இங்கன எரியல. முதல் இரண்டு வாரம் சிவந்தது தழும்பைச் சுற்றி, வெளிப்பக்கமாக. இப்போது சிவப்பது உள்பக்கம். அடி விழுகிற இடம் மாறியிருந்தால்தானே சிவப்பு மாறும் என்பது ஒரு சின்னப் பையனுக்கும் தெரியும். பேச்சிமுத்துவுக்கும் தெரிந்தது. அது அவனுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டதா, இல்லை வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டதா? தெரியாதென்றால் ஆல்வின் கட்டிலில் உட்கார்ந்து அந்த இடத்தை ஊதிக்கொண்டிருந்தபோது இவன் ஏன் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்? போனை எடுத்தான். வெட்டிய படம் வேண்டாம். ஆல்வின் அனுப்பிய முழுப் படம் வேண்டும். மேலே தள்ளினான். பால் வாங்கிட்டு வா, மோகினிக்கு முடி வரைஞ்சிட்டேன் பாரு, மருந்து தீர்ந்துபோச்சு, குற்றாலத்தில் ஆல்வின் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம், அதைத் தாண்டி மேலே, மேலே. பக்கத்தில் பிளாஸ்க் அம்மா விழித்துக்கொண்டு, டீ வேணுமா தம்பி என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்று சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை.

படம் வந்தது. நீட்டிய கால், ஊதாக் கட்டம், என் காலிலும் கட்டம் போட்டுட்டாங்க. காலுக்கு அடியில் வெள்ளைக் கல். இதே கல். பேச்சிமுத்து போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கல்லின் கோடுகள் படத்தின் ஓரத்தோடு ஒட்டி, ஒரு பிசிறு இல்லாமல், நேராக ஓடின. கால் அந்தக் கோட்டை ஒட்டியே நேராகக் கிடந்தது. ஆல்வின் போனைச் சாய்த்துப் பிடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தை நேராக எடுத்திருக்கிறான். தரை நேராக இருந்தது, கால் நேராக இருந்தது, கட்டம் மட்டும் சாய்ந்திருந்தது. வரைந்தவர் சாய்த்து வரைந்திருக்கிறார். அப்போது 'விட்டுட்டு' என்ற அந்த வார்த்தைக்கு முன்னாலும் பின்னாலும் இருந்ததெல்லாம், இத்தனை நாள் எங்கே இருந்ததோ, வரிசையாக வந்தது. டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். காலைச் சுற்றி முழுசாக அடித்துவிடக் கூடாது, உள்பக்கம் முழங்காலிலிருந்து கீழே வரைக்கும் ஒரு பட்டை சதையை விட்டுட்டுத்தான் அடிப்போம், அது வழியாகத்தான் காலில் இருக்கிற நீர் வடியணும், அதனால்தான் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் போடுகிறேன் என்றார். பயத்துல உங்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும், உங்க ஃப்ரெண்டும் கேட்டுக்கட்டும் என்றுகூடச் சொன்னார். இவன் தலையை ஆட்டினான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினான், அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். விட்டுவிட வேண்டிய பட்டையின்மேல் ஒரு வாரமாக அடி விழுந்திருக்கிறது. அடி விழ வேண்டிய இன்னொரு மூலை, கட்டி இருந்த இடத்தின் மேல்பக்க மூலை, ஒரு வாரமாகத் தப்பித்துக்கொண்டிருக்கிறது. அங்கே என்ன மிச்சம் இருக்கிறதோ, அது மூலைக் கட்டத்தில் நின்றுகொண்டு பிழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எங்கே நின்றால் உயிர் பிழைக்கும் என்று சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பிறகு, அவன் எழுந்திருப்பதற்கு முன்னால், ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், சாயங்காலம் அறைக்குப் போய் இந்தக் கோட்டை அழித்துவிட்டு, சாய்த்து, சரியாகப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. டீச்சருக்குத் தெரியாது. ஆல்வினுக்கே தெரியாது. கணக்கில் ஒரு இடம் தப்பு, திருத்தியாயிற்று, அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக இருந்தது அந்த நினைப்பு. சாய்வு எவ்வளவு இருக்கும் என்று அவன் விரல் போன் திரையில் அளக்கவே ஆரம்பித்துவிட்டது. அந்த விரலைப் பார்த்துத்தான் அவனுக்குப் பயம் வந்தது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் பயமே இல்லை. தலையைத் தூக்கினான். கதவு மூடிக்கொண்டிருந்தது. சொர்ணம் மேடம் வெளியே வந்து பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது.

எடை மிஷினைத் தாண்டி, மீசைக்காரரின் காலைத் தாண்டி, கோடு கல் எதையும் பாராமல் அவன் நடந்தான், ஓடினான் என்றும் சொல்லலாம். கண்ணாடி அறையின் கதவில் உள்ளே வராதீர்கள் என்று எழுதியிருந்தது. உள்ளே போனான். சொர்ணம் மேடத்துக்கு முன்னால் ஒரு சின்ன டிவி இருந்தது, அதில் கறுப்பு வெள்ளையில் ஆல்வின் மேசைமேல் தனியாகப் படுத்திருந்தான், மிஷினின் பெரிய தலை அவன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாருப்பா அது, வெளியே போ என்று மேடம் திரும்பாமலே சொன்னார்.

"நிப்பாட்டுங்க மேடம். அந்தக் கோடு டாக்டர் போட்டதில்ல. நான் போட்டது."

மேடத்தின் கை பொத்தானுக்குப் போனது. எங்கேயோ ஒரு இரைச்சல் இருந்திருக்கிறது, அது நின்ற பிறகுதான் இருந்தது தெரிந்தது. அவர் நாற்காலியோடு திரும்பினார். வேர்வைக்கே அப்படிக் கத்தியவர், இப்போது என்னவெல்லாம் சொல்வார் என்று பேச்சிமுத்து காத்துக்கொண்டு நின்றான். சொல்லட்டும் என்று ஏங்கினான்.

"எப்ப போட்ட?"

"குற்றாலத்துக்குப் போயிட்டு வந்து. போன திங்கக்கிழமை."

மேடம் திட்டியிருந்தால் தேவலை. டிவியில் தெரிந்த காலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து, டாக்டரை உடனே வரச் சொல்லுங்க, நோயாளியை மேசையிலிருந்து இறக்காம வச்சிருக்கேன்னு சொல்லுங்க என்று யாரிடமோ ரொம்ப மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரலைப் பேச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. எவ்வளவு கெட்டுப்போயிருக்கு மேடம் என்று கேட்டான். டாக்டர் பார்க்கணும் என்றார். கால் இருக்கும்லா என்று கேட்டான், கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று தெரிந்தது. மேடம் எழுந்துபோய்த் தடித்த கதவைத் திறந்தார். நீயும் வா, நீயே அவன்கிட்ட சொல்லு, எங்கே போட்டே எப்படிப் போட்டேன்னு டாக்டர் கேப்பாங்க என்றார். அவர் பின்னால் அவன் அந்த அறைக்குள் முதல் தடவையாகப் போனான். குளிராக இருந்தது. ஆல்வின் கையை ஊன்றி எழப் பார்த்தான், மேடம் படு என்றதும் படுத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பினான். காலின்மேல் வெளிச்சக் கட்டம் இன்னும் விழுந்துகொண்டிருந்தது, ஊதாக் கோட்டோடு நாலு மூலையும் அச்சாகப் பொருந்தி.

"என்னல, இன்னைக்கு அதுக்குள்ள முடிஞ்சிருச்சு?" என்றான். பிறகு இவன் கையைப் பார்த்தான். எப்போது எடுத்தானோ, ஆல்வினின் செருப்பு இரண்டும் பேச்சிமுத்துவின் கையில் இருந்தன. "பரவால்லயே. பத்திரமாத்தான் பாத்திருக்க."

பேச்சிமுத்து மேசையின் கால்மாட்டில் குத்தவைத்து உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், இடது செருப்பின் வாரை இன்னும் கொஞ்சம் தளர்த்தப் பார்த்தான். அதற்கு மேல் ஓட்டை இல்லை.